பழைய சிறு மடிக்கணினிக்கு ஏற்ற இலகுவான இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தல்

விவசாயப் பெருமக்களின் வீடுகள் பலவற்றில் பழைய சிறு மடிக்கணினி ஒன்று அலமாரியிலோ பரணிலோ கிடப்பதைக் காணலாம். மகனோ மகளோ கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியதாக அது இருக்கும். 10 அங்குலத் திரையும் சிறிய விசைப்பலகையும் கொண்ட இவ்வகைக் கருவிகளை நெட்புக் என்று அழைக்கிறோம். பொத்தானை அழுத்தினால் திரை வருவதற்கே பல நிமிடங்கள் ஆகின்றன. ஒரு கோப்பைத் திறந்தால் மற்றொன்று நின்றுவிடுகிறது. "இது இனி உதவாது" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஆனால் இவற்றுள் பலவற்றில் பழுது ஏதும் இல்லை. கருவியின் சக்திக்கு மீறிய இயங்குதளம் அதில் ஏற்றப்பட்டிருப்பதே தாமதத்திற்குக் காரணம். ஒரே ஒரு மழையை நம்பிய கரிசல் மானாவாரியில் நீண்ட வயதுடைய இரகத்தை விதைத்துவிட்டு, விளையவில்லை என்று நிலத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. நிலத்தின் தன்மை, கிடைக்கும் ஈரம், நமது தேவை ஆகிய மூன்றையும் பார்த்து இரகத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். கணிப்பொறிக்கும் இம்முறையே பொருந்தும். அதனை எவ்வாறு செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வேகம் குறைவதன் காரணம்

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் எல்லா உறுப்புகளையும் வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் ஓர் இயங்குதளம், லினக்ஸ் மற்றொன்று. இயங்குதளமும் நாம் திறக்கும் மென்பொருள்களும் தங்கி வேலை செய்யும் இடம் நினைவகம், அதாவது ரேம். இதனைக் களத்துமேடு என்று கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் என்பது குதிர். களம் நிறைந்துவிட்டால் கொஞ்சம் தானியத்தைக் குதிருக்கு எடுத்துச் சென்று, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவர வேண்டும். நினைவகம் நிறைந்ததும் கணிப்பொறியும் இதையே செய்கிறது. ஹார்டு டிஸ்க்கின் வேகம் நினைவகத்தின் வேகத்தைவிட மிக மிகக் குறைவு. எனவேதான் டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது. சுட்டியும் நகர மறுக்கிறது.

இத்தகைய சிறு மடிக்கணினிகள் 2007 ஆம் ஆண்டின் இறுதியில் ஏசஸ் நிறுவனத்தின் ஈ பிசி 701 வெளிவந்தபின் பரவலாயின. அதில் இருந்தது 7 அங்குலத் திரை, 512 எம்.பி. நினைவகம், 4 ஜி.பி. சேமிப்பு மட்டுமே. அது லினக்ஸ் இயங்குதளத்துடனேயே விற்பனைக்கு வந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. 2008 இல் இன்டெல் நிறுவனத்தின் ஆட்டம் என்270 என்ற செயலி வந்தது. ஒரே உட்கரு, 1.6 கிகா ஹெர்ட்ஸ் வேகம், குறைந்த மின்செலவு ஆகியவை இதன் இயல்புகள். இச்செயலியும் 1 ஜி.பி. நினைவகமும் கொண்ட கருவிகளே அக்காலத்தில் அதிகம் விற்றன. அவற்றில் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தது.

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கானவை 2020 ஜனவரியிலும் நின்றன. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும் 64 பிட் செயலியும் வேண்டும். ஆகவே பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு இணையத்தில் இறங்குவது, வேலி இல்லாத தோட்டத்தில் பயிர் வைப்பதற்கு ஒப்பாகும். கடைகளில் உரிமம் இல்லாத புதிய விண்டோஸை ஏற்றித் தருவதும் தீர்வாகாது. வேகம் மேலும் குறையும், பாதுகாப்பும் இராது.

கருவியின் தன்மையை அறிதல்

மண் பரிசோதனை செய்யாமல் உரமிடுவது போல, கருவியைப் பாராமல் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தல் கூடாது. கீழ்க்கண்ட மூன்று விவரங்களை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். 'மை கம்ப்யூட்டர்' படத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால் முதல் இரண்டும் தெரியும்.

1. நினைவகத்தின் அளவு: 512 எம்.பி., 1 ஜி.பி., 2 ஜி.பி. இவற்றில் எது?

2. செயலியின் பெயர்: ஆட்டம் என்270, என்280 ஆகியவை 32 பிட் செயலிகள். 2010 இல் வந்த என்450, அதன் பின் வந்த என்455, என்550, என்570 ஆகியவை 64 பிட்டையும் ஏற்பவை. இந்த வேறுபாடு மிக முக்கியம். காரணம் பின்னர் கூறப்படும்.

3. ஹார்டு டிஸ்க்கின் நிலை: 'டிக் டிக்' என்ற ஓசை வருதல், கோப்புகள் பாதியில் நின்றுபோதல் ஆகியவை டிஸ்க் கெட்டுவருவதன் அறிகுறிகள். அவ்வாறாயின் அதை மாற்றாமல் வேறெதையும் செய்தல் வீண்.

என்270, என்450 வகைக் கருவிகளில் நினைவகத்தை 2 ஜி.பி.க்கு மேல் உயர்த்த இயலாது. எனினும் 1 ஜி.பி.யை 2 ஜி.பி. ஆக்குவதே இவற்றுக்குச் செய்யக்கூடிய செலவுகளில் முதன்மையானது. பழைய நினைவக அட்டையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுசென்று அதே வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவதாக, சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி. பொருத்தினால் கருவி தொடங்கும் நேரம் நன்கு குறையும்.

எந்த வேலைக்கு?

கருவியை அறிந்தபின் தேவையை முடிவு செய்தல் வேண்டும். சாகுபடிச் செலவுக் கணக்கு, பால் கணக்கு, ஆட்கூலிப் பதிவு, மண் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்துவைத்தல், உற்பத்தியாளர் குழுவின் தீர்மானங்களைத் தட்டச்சு செய்தல், பயிர்ச் சாகுபடிக் கையேடுகளைப் படித்தல் ஆகியவற்றுக்கு இக்கருவி போதுமானது. குழந்தைகள் தட்டச்சு பழகவும் உதவும்.

காணொளி வழி வகுப்பு, யூடியூப், வரைபடங்கள் நிறைந்த இணையதளங்கள் ஆகியவற்றை இதனிடம் எதிர்பார்த்தல் கூடாது. அவற்றுக்குக் கைப்பேசியே மேல். தேவையை இவ்வாறு வரையறுத்துக்கொண்டவர்கள் ஏமாற்றம் அடைவதில்லை.

ஏற்ற இயங்குதளங்கள்

லினக்ஸ் என்பது ஒரே பயிரைப் போன்றது. அதில் இரகங்கள் பல. அவற்றை வெளியீடுகள் என்பர். கீழே கூறப்படுபவை அனைத்தையும் விலையின்றிப் பெறலாம். உரிமக் கட்டணமும் இல்லை.

(அ) ஆன்டிஎக்ஸ்: பழைய கருவிகளுக்கென்றே உருவாக்கப்பட்டது. டெபியன் என்ற புகழ்பெற்ற வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டது. 2023 இல் வந்த ஆன்டிஎக்ஸ் 23 பதிப்பு 32 பிட், 64 பிட் ஆகிய இரு வகைகளிலும் கிடைக்கிறது. கனமான திரை முகப்புக்குப் பதிலாக ஐஸ்டபிள்யுஎம் என்ற எளிய முகப்பைப் பயன்படுத்துவதால், இயங்கத் தொடங்கியதும் ஏறத்தாழ 200 எம்.பி. அளவு நினைவகமே செலவாகிறது. 1 ஜி.பி. கருவியில் பெரும்பகுதி நமது வேலைக்கு மிஞ்சுகிறது.

(ஆ) பப்பி லினக்ஸ்: 2003 இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி கவுலர் தொடங்கியது. முழு இயங்குதளமும் நினைவகத்திலேயே ஏறி இயங்குவதால் ஹார்டு டிஸ்க் மெதுவானதாக இருந்தாலும் கவலையில்லை. டிஸ்க் கெட்டுப்போன கருவியைப் பென் டிரைவைக் கொண்டே இயக்கவும் ஏற்றது. இதன் பழக்கவழக்கங்கள் சற்று வேறானவை. பழகச் சில நாட்கள் ஆகும்.

(இ) டெபியன் 12, எல்எக்ஸ்டிஇ முகப்புடன்: 2 ஜி.பி. உள்ள 32 பிட் கருவிக்கு ஏற்றது. நிறுவும்போது முகப்பைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்கும் இடத்தில் எல்எக்ஸ்டிஇ என்பதை மட்டும் குறிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 இல் 32 பிட் கணிப்பொறிகளில் நிறுவும் வசதி நீக்கப்பட்டது. ஆகவே 32 பிட் கருவிக்கு 12 ஆம் பதிப்பையே பெறுதல் வேண்டும்.

(ஈ) லுபுண்டு: எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான முகப்பு கொண்டது, விண்டோஸ் பழகியவர்களுக்கு எளிது. 19.04 முதலான பதிப்புகள் 64 பிட் கருவிகளுக்கு மட்டுமே. 18.04 இன் 32 பிட் பதிப்புக்கு ஆதரவு 2021 இல் முடிந்துவிட்டதால் அதை ஏற்ற வேண்டாம்.

தேர்வுக்கான பரிந்துரை

512 எம்.பி. நினைவகம்: பப்பி அல்லது ஆன்டிஎக்ஸ், இணையம் தவிர்த்த வேலைகளுக்கு மட்டும்.

1 ஜி.பி., 32 பிட்: ஆன்டிஎக்ஸ் 32 பிட்.

2 ஜி.பி., 32 பிட்: ஆன்டிஎக்ஸ் 32 பிட் அல்லது எல்எக்ஸ்டிஇ முகப்புடன் டெபியன் 12.

1 அல்லது 2 ஜி.பி., 64 பிட் ஏற்கும் ஆட்டம்: ஆன்டிஎக்ஸ் 64 பிட்.

2 ஜி.பி. அல்லது அதற்கு மேல், இரு உட்கரு கொண்ட 64 பிட் செயலி: லுபுண்டு. 4 ஜி.பி. இருப்பின் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ.

2011 செப்டம்பர் முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் நெட்புக்கைவிடச் சக்தி வாய்ந்தவை. அவற்றை வைத்திருப்போர் நினைவகத்தின் அளவைப் பார்த்துக் கடைசிப் பிரிவிலிருந்து தேர்ந்தெடுக்கலாம்.

உலாவியே பெரும் சுமை

இயங்குதளம் எவ்வளவு இலகுவானதாயினும் உலாவி, அதாவது பிரவுசர், இலகுவாகிவிடுவதில்லை. இன்றைய இணையதளம் ஒன்றைத் திறந்தாலே பல நூறு எம்.பி. நினைவகம் செலவாகலாம். எனவே ஒரே சமயத்தில் ஒன்று அல்லது இரண்டு பக்கங்களுக்கு மேல் திறத்தல் கூடாது.

32 பிட், 64 பிட் வேறுபாடு முக்கியமாவதும் இங்குதான். லினக்ஸில் 32 பிட் கருவிகளுக்கான குரோம் உலாவி 2016 இலேயே நிறுத்தப்பட்டது. ஃபயர்பாக்ஸ் உலாவியும் 144 ஆம் பதிப்புக்குப் பின் 32 பிட் லினக்ஸுக்கு வெளிவராது என்று 2025 செப்டம்பரில் மொசில்லா அறிவித்தது. நீண்ட ஆதரவுப் பதிப்பான 140க்கு மட்டும் 2026 செப்டம்பர் வரையிலாவது திருத்தங்கள் தரப்படும் என்றும் அவ்வறிவிப்பு கூறியது. ஆகவே 64 பிட்டை ஏற்கும் செயலியில், நினைவகம் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் 64 பிட் வெளியீட்டையே ஏற்றுதல் நலம்.

என்270 போன்ற 32 பிட் கருவி வைத்திருப்போர் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். அது இணையக் கருவியாக இருக்கும் காலம் முடிந்து வருகிறது. எழுதவும் கணக்கிடவும் படிக்கவும் உதவும் மேசைக் கருவியாக அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். வங்கிக் கணக்கு, பயிர்க் காப்பீட்டுப் பதிவு, ஓ.டி.பி. தேவைப்படும் எதையும் அதில் செய்ய வேண்டாம். கையேடுகளை வேறு கணிப்பொறியில் இறக்கிப் பென் டிரைவ் மூலம் கொண்டுவந்து படிக்கலாம்.

நிறுவுவதற்கு முன்

இயங்குதளத்தை நிறுவும்போது ஹார்டு டிஸ்க் முழுவதும் அழிக்கப்படலாம். ஐந்து ஆண்டுச் சாகுபடிக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் ஒரு விசையை அழுத்துவதில் போய்விடும். மீட்பது மிகக் கடினம். ஆகவே எல்லாக் கோப்புகளையும் இரண்டு தனித்தனி இடங்களில் படியெடுத்து, வேறு கணிப்பொறியில் அவை திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே மேற்கொண்டு செல்லுதல் வேண்டும்.

பழைய தமிழ்க் கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கலாம். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை பொருளற்ற எழுத்துகளாகத் தெரியும். எனவே கோப்புகளுடன் எழுத்துருக்களையும் படியெடுத்துக்கொள்ளவும். ஒருங்குறியில் எழுதப்பட்டவைக்கு இத்தொல்லை இல்லை.

மின்கலம் உப்பியிருந்தால் அதை உடனே கழற்றிவிட்டு, மின் இணைப்பைக் கொண்டு மட்டும் கருவியை இயக்கவும். உப்பிய மின்கலத்தைக் குத்துவதோ நெருப்பில் போடுவதோ கூடாது.

நிறுவாமலே சோதித்துப் பார்த்தல்

விதையை முழு நிலத்திலும் விதைக்கும் முன் முளைப்புத்திறன் பார்ப்பது போல, இயங்குதளத்தையும் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். இதனால் ஹார்டு டிஸ்க்கில் உள்ளவை பாதிக்கப்படுவதில்லை. செய்முறை பின்வருமாறு:

1. நன்கு இயங்கும் வேறு கணிப்பொறியில், அந்த வெளியீட்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்க வேண்டும்.

2. காலியான 8 ஜி.பி. பென் டிரைவில், ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு அக்கோப்பை எழுத வேண்டும். வெறுமனே படியெடுத்தால் இயங்காது. பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

3. பென் டிரைவைச் சிறு மடிக்கணினியில் செருகி, இயக்கியவுடன் எஸ்கேப், எஃப் 2, எஃப் 12 ஆகியவற்றில் அக்கருவிக்குரிய விசையை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. திரை வந்ததும் வைஃபை, ஒலி, திரையின் ஒளி, விசைப்பலகை, மூடியை மூடித் திறத்தல் ஆகிய ஐந்தையும் சோதிக்க வேண்டும். பழைய கருவிகளில் அதிகம் தகராறு செய்வது வைஃபை. அது இயங்காவிடில் அடுத்த வெளியீட்டைச் சோதிக்கவும்.

ஆட்டம் என்2600, என்2800 செயலி கொண்ட கருவிகளில் திரைக்கான பகுதி வேறு வகையைச் சேர்ந்தது. லினக்ஸில் அதற்கு முழுமையான இயக்கி இல்லை. இவற்றில் சோதனை மிகவும் அவசியம்.

பென் டிரைவிலிருந்து இயங்குவதால் வேகம் சிறிது குறைவாகவே இருக்கும். ஒரு வாரம் இவ்வாறு பயன்படுத்திப் பார்த்து, மனநிறைவு ஏற்பட்டால் முகப்பில் உள்ள நிறுவும் படத்தை அழுத்தி ஹார்டு டிஸ்க்கில் நிறுவலாம். அப்போது 2 ஜி.பி. அளவு 'ஸ்வாப்' இடம் ஒதுக்குதல் நல்லது. இது களம் நிறைந்தால் தானியத்தை வைக்கும் குதிரின் மூலையாகும்.

நிறுவிய பின் கவனிக்க வேண்டியவை

தமிழ் எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழை நிறுவிக்கொள்ளலாம். விசைப்பலகை அமைப்பில் தமிழ் 99 முறையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

லிப்ரே ஆபிஸ் எல்லா வசதிகளும் கொண்டது; ஆனால் இக்கருவிகளில் திறக்க நேரம் ஆகும். கடிதத்திற்கு அபிவேர்டும், கணக்குப் பதிவுக்கு ஜினுமெரிக்கும் இலகுவானவை.

இத்திரைகளின் உயரம் 600 புள்ளிகளே. சில பெட்டிகளின் அடியிலுள்ள 'ஓகே' பொத்தான் திரைக்கு வெளியே மறைந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்தியவாறு சுட்டியால் பெட்டியை மேலே இழுத்தால் பொத்தான் தெரியும்.

இணையதளங்கள் எல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று மறுத்தால் முதலில் தேதியைப் பார்க்கவும். உள்ளே உள்ள நாணய வடிவச் சிறு மின்கலம் தீர்ந்திருந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருக்கும். மின்கலத்தை மாற்றினால் சரியாகும்.

மாதம் ஒரு முறை திருத்தங்களை இறக்கி ஏற்றவும். கணக்குக் கோப்புகளை மாதம் ஒரு முறை பென் டிரைவில் படியெடுக்கவும். பழைய டிஸ்க் என்று நிற்கும் என்று யாரும் கூற இயலாது.

எப்போது கைவிட வேண்டும்?

டிஸ்க், மின்கலம், நினைவகம் ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தால் செலவு கட்டாது. 64 பிட் செயலியும் 4 ஜி.பி. நினைவகமும் கொண்ட பழைய மடிக்கணினியை வாங்குவதே சிக்கனமாகும். கைவிட்ட கருவியைக் குப்பைமேட்டிலோ வரப்போரத்திலோ எறிய வேண்டாம். அதன் பாகங்களில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும். மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுக்கவும்.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்து நினைவகமும் 1 ஜி.பி.க்குக் குறையாமல் இருந்தால், ஒரு பென் டிரைவும் ஒரு மாலைப்பொழுதும் செலவிட்டு ஆன்டிஎக்ஸைச் சோதித்துப் பார்க்கலாம். அடுத்த போக விதைப்புக்கு முன் நிலம் வாரியாகச் செலவுக் கணக்கை அதில் எழுதத் தொடங்கினால், எந்த வயல் இலாபம் தந்தது, எது கையைக் கடித்தது என்பது அறுவடை முடிவில் எண்ணிக்கையாகவே தெரியவரும். பரணில் கிடக்கும் கருவியைக் கொண்டு உழவர்கள் இப்பயனைப் பெறலாம்.